திறப்பு நாள் மாலைக்கு முன்: முதல் தனிநபர் ஓவியக் கண்காட்சிக்கான தயாரிப்பு

2024 ஜனவரி 6, சனி. வாசகர் ஒருவரின் கேள்வி

மார்ச் மாத இறுதியில் மதுரையில் எனது முதல் தனிநபர் ஓவியக் கண்காட்சி. 24 ஓவியங்களும் முடிந்துவிட்டன. இனி எஞ்சியிருப்பது அழைப்பிதழ், குத்துவிளக்கு, தேநீர் ஆகியவை மட்டுமே என்று நினைக்கிறேன். நல்ல ஓவியம் எந்தச் சுவரில் மாட்டினாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அல்லவா? திறப்பு நாளுக்காக ஓவியர் வாரக்கணக்கில் அலைவது எதற்கு?

2024 ஜனவரி 6, சனி இரவு

காப்பாற்றிக்கொள்ளாது. நான் இதைச் சொந்த இழப்பிலிருந்து சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழுக் கண்காட்சியில், தூத்துக்குடி உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு அம்பாரம் ஒன்றை வரைந்த என் எண்ணெய் வண்ண ஓவியத்தை வைத்தார்கள். திறப்பு நாளன்று மாலை ஆறு மணிக்குத்தான் அரங்கிற்குள் நுழைந்தேன். மஞ்சள் ஒளி விளக்கு ஒன்று நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. என் வெள்ளை முழுவதும் வைக்கோல் நிறமாக மாறியிருந்தது. பார்வையாளர் ஒருவர் மிகுந்த மரியாதையுடன் அருகில் வந்து, "இது எந்த ஊர் அறுவடை?" என்று கேட்டார். அவர் மேல் எந்தப் பிழையும் இல்லை. அவர் கண்டது நெற்குவியல்தான். நான் எட்டு மாதம் தேடிக் கண்டடைந்த வெள்ளையை ஒரு விளக்கு ஒரு நொடியில் நெல்லாக்கிவிட்டது.

பிப்ரவரி 17 அன்று சென்னையில் எனது முதல் தனிநபர் கண்காட்சி திறக்கிறது. ஆறு ஆண்டுகளாக உப்பளங்களை மட்டுமே வரைந்து வருகிறேன். இப்போது கையில் 31 ஓவியங்கள் உள்ளன. உங்களுக்கு ஆறு வாரம் முந்தி நான் போகிறேன் என்பதால், செய்வதையும் தவறுவதையும் நாள்தோறும் இல்லாவிட்டாலும் இயன்றபோது இங்கே எழுதி வருகிறேன்.

2024 ஜனவரி 8, திங்கள்

முதல் வேலை சுவரை அளப்பது. எனக்குக் கிடைத்த அரங்கில் ஓவியம் மாட்டத்தக்க சுவரின் மொத்த நீளம் 38 மீட்டர். என் 31 ஓவியங்களின் அகலங்களைக் கூட்டினால் 33 மீட்டர் வருகிறது. எஞ்சும் ஐந்து மீட்டரை இடைவெளிகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண்கூட மிஞ்சாது. துணிக்கடையில் சேலைகளை அடுக்கியது போல இருக்கும். ஆகவே 19 ஓவியங்களை மட்டும் வைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். அவற்றின் அகலம் 20 மீட்டர். இடைவெளிக்கு 18 மீட்டர் கிடைக்கிறது. ஒவ்வோர் ஓவியத்துக்கும் இடையே ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் வெற்றுச் சுவரில் கண் இளைப்பாறலாம்.

பன்னிரண்டைக் கழிப்பது எளிதாக இல்லை. அரங்கைப் போலவே ஒரு மாதிரியை அட்டையில், 20-இல் ஒரு பங்கு அளவில் வெட்டி ஒட்டினேன். ஓவியங்களின் படங்களையும் அதே விகிதத்தில் அச்சிட்டு, பின்புறம் சிறிது மெழுகு தடவி, இரவு முழுவதும் இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். தனியாகப் பார்க்கும்போது என்னைப் பெருமைப்படுத்திய இரண்டு ஓவியங்கள் பக்கத்தில் வந்தவற்றைக் கொன்றன. சாதாரணமென்று நினைத்திருந்த ஒரு சிறிய படம், வாயிலுக்கு எதிரிலுள்ள மூலையில் வைத்ததும் அறை முழுவதையும் அமைதிப்படுத்தியது. ஓவியத்தைத் தீட்டி முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்த எனக்கு, இன்னும் ஒரு பெரிய ஓவியத்தை, அதாவது அந்த அறையை, வரையத் தொடங்கவே இல்லை என்று அன்றிரவுதான் புரிந்தது.

வாயிலுக்கு நேர் எதிர்ச்சுவருக்கு "உச்சிவேளை வாரல்" என்ற பெரிய ஓவியத்தை ஒதுக்கியிருக்கிறேன். ஒரு பெண் வாருபலகையால் பாத்தியிலிருந்து உப்பை இழுக்கிறாள். நிழல் அவள் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. ஐந்து அடி அகலம். உள்ளே நுழைபவர் முதலில் காண்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

2024 ஜனவரி 13, சனி

மாட்டும் உயரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓவியத்தின் மேல்விளிம்பையோ கீழ்விளிம்பையோ வரிசைப்படுத்தாமல், எல்லா ஓவியங்களின் மையப்புள்ளியும் ஒரே கோட்டில் அமையுமாறு மாட்டுங்கள். அருங்காட்சியகங்களில் அந்தக் கோடு தரையிலிருந்து 145 முதல் 152 சென்டிமீட்டர் வரை இருக்கும். நான் 152 என்று வைத்துக்கொள்கிறேன். ஓவியத்தின் உயரம் 90 என்றால் அதில் பாதி 45; ஆக ஆணியின் உயரம் 197.

2024 ஜனவரி 14, ஞாயிறு

நேற்று நான் எழுதிய கணக்கு தவறு. கோவை நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. ஓவியத்தின் பின்புறம் இரு வளையங்களுக்கிடையே கட்டிய கம்பி, ஆணியில் மாட்டியதும் மேல்நோக்கி இழுபட்டு நிற்கும். அந்தக் கம்பியின் உச்சிக்கும் ஓவியத்தின் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். அது 8 சென்டிமீட்டர் என்றால் ஆணி 189-இல் வர வேண்டும். என் கணக்கை நம்பி யாரும் துளையிட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

2024 ஜனவரி 19, வெள்ளி

பொங்கல் முடிந்து இன்றுதான் ஓவியங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்புறம் பார்த்தேன். டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையைப் பற்றி எல்லாரும் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. என் வீட்டின் கீழறையிலும் முழங்கால் அளவு நீர் நின்றது. காகிதத்தில் வரைந்த நான்கு நீர்வண்ணப் படங்கள் போயின. மேல் பரணில் இருந்த கேன்வாஸ்கள் நனையவில்லை என்றாலும், மூன்று வாரம் ஈரக்காற்றைக் குடித்துத் தொய்ந்து போயிருக்கின்றன. இரண்டின் பின்புறத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம்.

தொய்வைச் சரிசெய்ய நீர் தெளிப்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. காய்ந்தபின் துணி மறுபடியும் தளரும். மரச்சட்டத்தின் உள்மூலைகளில் உள்ள சிறு மர ஆப்புகளை மெதுவாகத் தட்டினால் சட்டம் சற்று விரிந்து துணி இறுகும். ஒரு மூலையை ஒரே மூச்சில் அடித்து இறுக்கிவிடாமல், நான்கு மூலைகளையும் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தட்ட வேண்டும். பூஞ்சணத்தைத் திறந்த வெளியில், மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த மென்தூரிகையால் துடைத்தேன்.

உப்பளங்களின் நிலையை இங்கே நான் முழுவதும் எழுத முடியாது. பாத்திகளில் சேறு படிந்துவிட்டது. குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போயிற்று. இந்த நேரத்தில் கண்காட்சி தேவையா என்று ஒரு வாரம் யோசித்தேன். தள்ளிப்போடுவதால் யாருக்கும் ஒரு நாள் கூலிகூடக் கிடைக்கப் போவதில்லை என்பதால் நடத்துகிறேன். ஆனால் அந்த யோசனையிலிருந்து வேறொரு எண்ணம் பிறந்தது. அதைச் செய்து முடித்தபின் எழுதுகிறேன்.

2024 ஜனவரி 28, ஞாயிறு

இன்று மாலை ஓவியங்களை எங்கள் தெருவிலுள்ள சிறிய திருமண மண்டபத்தில் வைத்தேன். நாற்காலிகளின் முதுகில் சாய்த்து வைத்ததோடு சரி. நான் ஆறு ஆண்டுகளாக எந்த அளத்தில் போய் உட்கார்ந்து வரைந்தேனோ அங்கே வேலை செய்யும் பெண்களை மட்டும் அழைத்தேன். அவர்களில் சிலருடைய பிள்ளைகளுக்கு நான் ஓவிய ஆசிரியை. பதினான்கு பேர் வந்தார்கள்.

அவர்கள் நின்று பார்த்த விதத்தை நான் எந்த அரங்கிலும் கண்டதில்லை. எந்த அளம், எந்தப் பாத்தி, யாருடைய முதுகு என்று ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு விசாரணை நடந்தது. "உச்சிவேளை வாரல்" முன்னால் வந்ததும் பேச்சு நின்றது. மூத்தவரான ஓர் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "மத்தியானத்துல எவ டீச்சர் உப்பு வாருவா? விடியுமுன்னே போயி வெயிலு ஏறதுக்குள்ள வாரி முடிச்சிருவோம்லா?" என்றார்.

எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. ஆறு ஆண்டுகளில் எத்தனையோ விடியல்களில் அவர்களுடன் இருந்திருக்கிறேன். அந்த ஓவியத்தை மட்டும் வீட்டில், பழைய கோட்டோவியம் ஒன்றையும் என் நினைவில் இருந்த ஒரு நண்பகல் வெளிச்சத்தையும் இணைத்து வரைந்தேன். அந்தக் குட்டை நிழல் ஓவியத்தின் அமைப்புக்குப் பொருத்தமாக இருந்தது. அந்த வேலைக்குப் பொருத்தமாக இல்லை. அழைப்பிதழின் முகப்பில் அச்சாவதற்குக் கொடுத்ததும் அதே ஓவியம்தான்.

2024 ஜனவரி 28, ஞாயிறு நள்ளிரவு

அச்சகத்திடம் பேசிவிட்டேன், நாளை காலைதான் அச்சேற்றுவதாக இருந்தார்கள். முகப்பில் உப்பு அம்பாரம் உள்ள சிறிய படம் ஒன்றை வைக்கச் சொல்லிவிட்டேன்.

2024 ஜனவரி 30, செவ்வாய்

நிழலை நீட்டித் திருத்திவிடலாமே என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் ராயல் அகாதெமியில், ஓவியங்களை மாட்டியபின் மெருகு பூசவும் திருத்தவும் ஓவியர்களுக்கென்றே சில நாட்கள் ஒதுக்கியிருந்தார்கள். 1832-இல் டர்னர் தம் சாம்பல் நிறக் கடற்காட்சியின் நடுவே ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, பக்கத்தில் தொங்கிய, கான்ஸ்டபிள் என்ற சக ஓவியரின் பெரிய ஓவியத்தின் வலிமையைக் குறைத்துவிட்டார். பின்னர் அந்தப் பொட்டைக் கடலில் மிதக்கும் ஒரு மிதவையாக வடிவமைத்தார். கடைசி நேரத் திருத்தம் இழிவானதல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் என் சிக்கல் வேறு. நிழல் நீண்டால் ஒளி சாய வேண்டும். ஒளி சாய்ந்தால் உப்பின் வெள்ளை நீலமாகவும் இளஞ்சிவப்பாகவும் பிரிய வேண்டும். வானமும் மாற வேண்டும். அது திருத்தம் ஆகாது, வேறோர் ஓவியம். தடித்துப் பூசிய டைட்டானியம் வெள்ளை மேலே தோல் கட்டினாலும் உள்ளே வாரக்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும் என்பதால், அதை 600 கிலோமீட்டர் லாரியில் அனுப்பவும் முடியாது. ஆகவே அந்த ஓவியத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டேன். ஜனவரி 8 அன்று அதற்கு எதிர்ச்சுவரை ஒதுக்கியதாகப் பெருமையுடன் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மண்டபத்தில் அன்று இன்னொரு பெண் விலை கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் விரல்களை மடக்கி அதைத் தம் நாட்கூலியால் வகுத்துப் பார்த்தார், விடையைச் சொல்லவில்லை. அதுவரை விலையைத் தனித்தாளில் எழுதி, கேட்பவருக்கு மட்டும் மேசையிலிருந்து எடுத்துக் காட்டுவதாக இருந்தேன். இப்போது ஓவியத்தின் பக்கத்திலுள்ள குறிப்பட்டையிலேயே அச்சிடுகிறேன். அவரிடம் சொல்ல முடிந்த விலையை வேறு யாரிடமும் மறைக்க எனக்கு மனமில்லை.

2024 பிப்ரவரி 5, திங்கள்

ஓவியங்கள் இன்று லாரி ஏறின. கட்டும்போது ஒரு செய்தி: வண்ணப் பரப்பின் மேல் பபுள் ராப் நேராகப் படக் கூடாது. வெயிலில் சூடேறினால் அந்தக் குமிழிகளின் வட்டங்கள் வண்ணத்தில் பதிந்துவிடும். அக்ரிலிக் ஓவியங்களில் இது இன்னும் எளிதில் நேரும். முதலில் பட்டர் பேப்பர், மூலைகளுக்கு அட்டைக் காப்பு, அதன் மேல் பபுள் ராப், பிறகு பிளைவுட் பெட்டி.

திறப்பு விழா என்பது கூட்டம்தான், ஓவியம் ஒரு சாக்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1958-இல் பாரிசில் ஈவ் க்ளைன் என்ற ஓவியர் வெற்று வெள்ளை அறையைத் திறந்து வைத்து, வந்தவர்களுக்கு நீல நிறப் பானம் கொடுத்தார், ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அங்கே அந்த வெறுமைதான் அவர் செய்த படைப்பு. அந்த அறையை அவர் தம் கையாலேயே வெள்ளை பூசித் தயார் செய்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றும் மாட்டாத சுவருக்கே அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது.

2024 பிப்ரவரி 15, வியாழன் இரவு

இரண்டு நாளாக அரங்கில் இருக்கிறேன். மாட்டும் கோட்டை 152-இலிருந்து 145-க்கு இறக்கிவிட்டேன். மண்டபத்தில் அந்தப் பெண்கள் நின்று பார்த்தபோது அவர்களுடைய கண்மட்டத்தைக் கவனித்திருந்தேன். உயரமான ஆண்களை மனத்தில் வைத்த அளவு எனக்கு வேண்டாம். ஜனவரி 14-இல் சொன்ன எடுத்துக்காட்டின்படி ஆணி இப்போது 182-இல் வருகிறது.

விளக்குகள்தான் பெரும்பொழுதைத் தின்றன. அரங்கில் இருந்தவை 3000 கெல்வின் மஞ்சளொளி ஸ்பாட் லைட்டுகள். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடக்கூட மஞ்சள் குறையும். நான் 4000 கெல்வின் அளவுள்ள, நிறங்களைத் துல்லியமாகக் காட்டும் குறியீடு 90-க்கு மேற்பட்ட விளக்குகளைக் கையோடு கொண்டு வந்திருந்தேன். செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்வில் ஒளி விழுமாறு ஒவ்வொன்றையும் ஏணியில் ஏறித் திருப்பினோம். அதைவிட நேராக இறக்கினால் சட்டத்தின் நிழல் ஓவியத்தின் மேல் விழுகிறது. அதைவிடச் சாய்த்தால் பார்ப்பவரின் தலைநிழல் விழுகிறது. எண்ணெய் வண்ண ஓவியங்களின் மேல் விழும் ஒளியின் செறிவை 200 லக்ஸ் அளவில் நிறுத்தினேன். காகிதப் படங்கள் ஐந்தையும் தனி மூலையில், 50 லக்ஸ் ஒளியில் வைத்திருக்கிறேன். நீர்வண்ணம் ஒளியில் வெளிறும் இயல்புடையது.

அரங்கின் சுவர் பளிச்சென்ற வெள்ளை. அதன் முன் என் உப்பு அழுக்காகத் தெரிந்தது. இரவோடு இரவாக எதிர்ச்சுவரை மட்டும் இளம் சாம்பல் நிறமாக்க அனுமதி வாங்கினேன். முதல் பூச்சு காய்ந்ததும் சிறிய அம்பாரத்தை மாட்டிப் பார்த்தோம். உப்பு உப்பாக இருந்தது.

2024 பிப்ரவரி 16, வெள்ளி

குத்துவிளக்கு வெளித்தாழ்வாரத்தில், எண்ணெய்ப் புகை ஓவியத்தின் பக்கம் வரக் கூடாது. தின்பதற்குத் தூத்துக்குடி மக்ரூன், தாளில் தனித்தனியாகச் சுற்றியது. எண்ணெய்ப் பலகாரம் எதுவும் இல்லை. ஒலிவாங்கி ஒன்று. என் பேச்சு மூன்று நிமிடம்; எழுதி வைத்து, நான்கு முறை உரக்கப் படித்து, "பயணம்" என்ற சொல் வந்த இரண்டு வாக்கியங்களை நீக்கிவிட்டேன். நடுவில் முதுகில்லாத இருக்கைகள் ஆறு, சுவரைப் பார்த்தபடி.

2024 பிப்ரவரி 18, ஞாயிறு

நேற்று மாலை ஏறத்தாழ தொண்ணூறு பேர் வந்தார்கள். சிறப்பு விருந்தினர் போக்குவரத்தில் சிக்கி நாற்பது நிமிடம் தாமதமானார். காத்திருக்காமல் ஆறேகாலுக்கே விளக்கேற்றித் தொடங்கிவிட்டோம். அவர் வந்தபின் பேசினார். வந்தவர்களைக் காக்க வைப்பதைவிட இது நல்ல முறை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஆறரை முதல் ஏழரை வரை ஓவியங்களை யாரும் பார்க்கவில்லை என்பதை எழுதியாக வேண்டும். அன்போடு வந்தவர்கள் ஓவியங்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்கு மனம் நோகாதீர்கள். அது மனிதர்கள் கூடும் மணி. எட்டு மணிக்குக் கூட்டம் கலைந்தபின், பக்கத்து அலுவலகங்களிலிருந்து வேலை முடிந்து இறங்கி வந்தவர்கள் சிலர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவர்கள்தான் இருக்கைகளில் அமர்ந்தார்கள். ஒருவர் சிறிய அம்பாரத்தின் முன் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தார். "இந்த உப்பு ஈரமா, காய்ந்ததா?" என்று கேட்டார். காய்ந்தது என்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மாலைக்குப் பிறகு நான் கேட்க ஏங்கிய கேள்வி அது.

அக்காவும் இன்னும் இருவரும் வருவதாக இருந்தார்கள். முத்துநகர் விரைவு ரயிலில் இடமும் பதிந்திருந்தேன். பாத்திகளில் சேறு அள்ளி வரப்பு கட்டும் வேலை தொடங்கிவிட்டதால் வரவில்லை. இரவு பத்து மணிக்கு அழைத்தார். முதல் கேள்வியே, "அந்த மத்தியானப் படத்தை எடுத்துட்டியளா டீச்சர்?" என்பதுதான். எடுத்துவிட்டேன் என்றதும், வாரல் தொடங்கியபின் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கே வரச் சொன்னார்.

2024 பிப்ரவரி 20, செவ்வாய்

ஒரு கூடுதல் குறிப்பு. திறப்பு நாளன்று எட்டரைக்கு அரங்கை மூடுவதாக முதலில் ஒப்பந்தம். ஒன்பதரை வரை நீட்டிக்கக் கூடுதல் வாடகை கொடுத்தேன். இந்தச் செலவைத் தேவையற்றதென்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1874-இல் மோனே, தெகா, ரெனுவார் முதலிய ஓவியர்கள் பாரிசில் நாதாரின் பழைய ஒளிப்பட நிலையத்தில் தாங்களே நடத்திய முதல் கண்காட்சியைப் பகலில் மட்டுமின்றி இரவு எட்டு முதல் பத்து வரையிலும் திறந்து வைத்திருந்தார்கள். பகலில் வேலை செய்பவருக்கும் கண் உண்டு.

மதுரை நண்பருக்கு: உங்கள் அரங்கின் சுவர் நீளம், கூரையின் உயரம், கதவு எந்தப் பக்கம், சன்னல் உண்டா, இப்போதுள்ள விளக்குகளின் கெல்வின் அளவு, 24 ஓவியங்களின் உயர அகலங்கள் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். அட்டை மாதிரியை நான் வெட்டித் தருகிறேன். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, போதும்.